விடுமுறை வீடும் கொடாததைக் கொள்ளாமையும்



கடலோரத்து மீனவர் சிற்றூரில், சமையலறையும் பாத்திரங்களும் கேஸ் அடுப்பும் அமைந்த ஒரு வீட்டைச் சில நாள்களுக்கு வாடகைக்கு எடுத்து, தாமே சமைத்து உண்டு, ஓய்வு கொண்டு திரும்புவது இன்று நகரத்துக் குடும்பங்களிடையே பரவி வரும் வழக்கம். சற்று வசதி மிக்கோர் அத்தகைய வீட்டை விலைக்கே வாங்கி, தாம் வராத நாள்களில் பிறர்க்கு வாடகைக்கு விடுகின்றனர். இதில் குற்றம் என்ன இருக்கிறது என்று கேட்போர் பலர். வாடகை கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது என்பது அவர்கள் வாதம். உண்மையிலேயே கணக்குத் தீர்ந்துவிட்டதா? தீரவில்லை எனின், எஞ்சி நிற்கும் கடன் யாது? அஃது யாருக்குரியது? இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எங்கோ தொலைவில் பிறந்ததன்று. நான் வாழும் வாகட், ஒரு தலைமுறைக்கு முன்பு முளா ஆற்றங்கரையில் உழவர் ஊராக இருந்தது. அருகில் ஹிஞ்ஜவடியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பின், வயல்கள் மனைகளாயின; மனைகள் அடுக்குமாடிகளாயின. தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று அக்கட்டடங்களில் குடியிருக்கின்றனர். மே மாத விடுமுறையிலும் ஆண்டு இறுதியிலும் அவர்கள் காரில் ஏறி, மலை இறங்கி, கொங்கணக் கரைக்குச் செல்கின்றனர். ஸ்ரீவர்தன், திவே ஆகர், தாபோலி வட்டத்து ஹர்ணை முதலிய ஊர்களின் பெயர்கள் இன்று நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசப்படுகின்றன. ஆகவே இக்கேள்வி நம் வாசலிலேயே நிற்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு குற்றமன்று. பஞ்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்குப் படுத்தவன் என்ற முறையில், ஓய்வின் அருமையை நான் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டியதில்லை. நம் பெற்றோர்க்கு விடுமுறை என்ற சொல்லே தெரியாது. வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள். அவர்கள் கடலைக் கண்டது, இறந்தோரின் சாம்பலைக் கரைத்து நீராடச் சென்றபோது மட்டுமே. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள் மூன்று நாள் கடலோரத்தில் காலாற நடந்தால், அதைக் கண்டு முகம் சுளிப்பவன் மனிதனல்லன்.

மேலும், வெளியூரில் தங்க ஓர் இடம் என்பது நம் மக்களுக்கு எளிதில் கிடைத்த பொருளன்று. 1923-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தை நினைவுகூர்க. பொதுப் பணத்தில் கட்டிப் பேணப்படும் கிணறுகள், நீர்நிலைகள், பள்ளிகள், மருந்தகங்கள் ஆகியவற்றோடு, வழிப்போக்கர் தங்கும் தரும சாலைகளையும் தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பயன்படுத்தலாம் என்று அத்தீர்மானம் கூறியது. தண்ணீரும் தங்குமிடமும் ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்டன. அத்தீர்மானம் ஏட்டில் கிடந்ததேயன்றி நடைமுறைக்கு வரவில்லை. அதனாலன்றோ 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாட் நகரின் சவ்தார் குளத்தில் இறங்கி நீர் பருக வேண்டியதாயிற்று! புனேயிலிருந்து வரந்தா கணவாய் வழியாகக் கொங்கணத்திற்கு இறங்கும் பாதை அந்த மகாட் நகரைத்தான் சென்று அடைகிறது. நம் பிள்ளைகள் விடுமுறைக்குச் செல்லும் வழியில்தான் அக்குளம் இருக்கிறது. அதைக் கடந்து செல்பவன், பொதுவானதைப் பூட்டி வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை எந்நாளும் மறக்கலாகாது.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஐந்து சீலங்களுள் இரண்டாவது, கொடாததைக் கொள்ளாமை. இதைப் பலரும் திருடாமை என்று சுருக்கிக் கூறுவர். ஆனால் சொல்லை உற்று நோக்கினால் பொருள் விரிகிறது. திருடாமை என்றால் பிறன் பெட்டியைத் திறவாதிருத்தல் போதும். கொடாததைக் கொள்ளாமை என்றாலோ, நாம் கொள்ளும் ஒவ்வொன்றையும் பற்றி, இஃது எனக்குக் கொடுக்கப்பட்டதா, கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுக்கும் உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். விடுமுறை வீட்டை இவ்வளவுகோல் கொண்டு அளந்து பார்ப்போம்.

வீட்டுக்காரர் நமக்குக் கொடுப்பது யாது? நான்கு சுவர், கூரை, கட்டில், அடுப்பு, திறவுகோல். இவை அவருடையவை, வாடகைக்கு ஈடாக அவர் கொடுத்தார், நாம் கொண்டோம். இதில் வழக்கில்லை. ஆனால் அங்கே சென்று நாம் நுகர்வது இவற்றை மட்டுமா? கடற்கரை மணலை நுகர்கிறோம். நிலத்தடி நீரை நுகர்கிறோம். ஊர்ச் சந்தின் வழியாகக் காரை ஓட்டுகிறோம். விடியற்காலை அமைதியையும், நள்ளிரவில் பாட்டுப் பெட்டியை முழக்கி அவ்வமைதியைக் கெடுக்கும் வசதியையும் நுகர்கிறோம். இவை வீட்டுக்காரருடையவை அல்ல. அவருடையதல்லாததை அவர் கொடுக்க இயலாது. எனவே வாடகைச் சீட்டில் இவை அடங்கமாட்டா. இவற்றைக் கொடுக்கும் உரிமை ஊருக்கே உண்டு. ஊரைக் கேளாமல் இவற்றைக் கொள்பவன், கையில் ரசீது வைத்துக்கொண்டே கொடாததைக் கொள்கிறான்.

கடற்கரை என்பது மீனவருக்கு என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். நமக்கு அது காற்று வாங்கும் இடம். அவருக்கு அது ஆலை. படகை ஏற்றி நிறுத்துமிடம், வலையை விரித்துப் பழுது பார்க்குமிடம், மீனைத் தரம் பிரித்து ஏலம் விடுமிடம், விலை போகாததை உப்பிட்டுக் கருவாடாகக் காயவைக்குமிடம், எல்லாம் அந்த மணல்தான். சுவர்ணதுர்க் கோட்டையைக் கடலின் நடுவே கண்முன் கொண்ட ஹர்ணையில், கரையிலேயே மீன் ஏலம் நடப்பதைக் கொங்கணம் முழுதும் அறியும். ஆலைக்குள் வெளியார் ஒருவர் நுழைந்து, ஓடும் தறிகளுக்கு நடுவே நின்று புகைப்படம் எடுத்தால் மேஸ்திரி விடுவாரா? கரையில் காயும் வலைமீது செருப்புக் காலோடு நடப்பதும், கருவாட்டு நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு களத்தை அப்புறப்படுத்தச் சொல்வதும் அதற்கு ஒப்பானவை. நாற்றம் என்று நாம் சொல்வது ஒரு குடும்பத்தின் மழைக்காலத்து உணவு.

அடுத்து, முன்பே இருப்பவரின் உரிமை. பிக்குகளுக்குரிய விநய விதிகளுள் ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. ஓர் உறைவிடத்தில் ஒரு பிக்கு முன்னரே வந்து தங்கியிருப்பதை அறிந்தும், இடம் நெருக்கடியானால் அவரே எழுந்து போகட்டும் என்ற எண்ணத்தோடு, பின்னால் வந்தவர் அவ்விடத்தை அடைத்துப் படுப்பாராயின், அது குற்றம் என்று விநயம் கூறுகிறது. கவனியுங்கள். பின்வந்தவர் முன்னவரை அடிக்கவில்லை, வெளியே தள்ளவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் செய்தது, நெருக்குதல் ஒன்றே. மற்றதை நெருக்கடி செய்துகொள்ளும் என்று விட்டுவிட்டார். அதுவே குற்றமாயிற்று.

இன்று கடலோரச் சிற்றூர்களில் விலை என்னும் நெருக்கடி இவ்வாறே வேலை செய்கிறது. எவரும் மீனவனை வெளியேறு என்று சொல்வதில்லை. மனை விலை உயர்கிறது, வாடகை உயர்கிறது, மணமாகும் மகனுக்கு ஊரிலே ஒரு குச்சு வீடும் கட்ட இயலாமற்போகிறது, அவன் தானே எழுந்து போகிறான். இது நம் நாட்டில் மட்டும் காணும் நோயன்று. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், பழைய மீன்பிடி ஊராகிய செயின்ட் ஐவ்ஸ் மக்கள் 2016-ஆம் ஆண்டு வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிலையாகக் குடியிருப்போர்க்கே உரியவையாக வேண்டும் என்று பெரும்பான்மையாக முடிவு செய்தனர். வேல்ஸ் நாட்டில், ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் இரண்டாம் வீடுகளுக்கு வழக்கமான உள்ளாட்சி வரிக்கு மேல் 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க 2023 ஏப்ரல் முதல் உள்ளாட்சி மன்றங்கள் அதிகாரம் பெற்றன. பார்சிலோனா நகர மேயர், பயணிகளுக்கு விடப்படும் சுமார் 10,000 குடியிருப்புகளின் உரிமங்களை 2028-க்கு மேல் புதுப்பிப்பதில்லை என்று 2024-இல் அறிவித்தார். செல்வம் மிகுந்த நாடுகளே, வீடு எதற்காக என்ற கேள்வியைச் சட்டத்தால் கேட்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டன.

வீடு எதற்காக? ஆலையில் ஒரு தறி ஒரு மணி நேரம் ஓடாமல் நின்றால், காரணம் கேட்டு மேலதிகாரி ஓடி வருவார். நட்டம் என்று கணக்கில் எழுதுவர். ஆனால் ஆண்டில் பத்து மாதம் ஓடாமல் நிற்கும் வீட்டை நட்டம் என்று எவரும் எழுதுவதில்லை. முதலீடு என்று எழுதுகின்றனர். குடியிருக்க இடமின்றி ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் நெருங்கி வாழும் ஊரில், விளக்கேற்றாத வீடுகள் வரிசையாக நிற்பது, பசித்தவன் முன்னே சோற்றை மூடி வைப்பதற்கு ஒப்பாகும்.

தமிழகத்து மீனவர் இதனை வேறொரு வகையில் அனுபவித்தனர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்த பின், 2005 மார்ச்சில் வெளியான தமிழ்நாட்டு அரசின் வீட்டு உதவி ஆணை, கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் அப்பால் சென்று புதிய வீடு பெற்றால் பழைய இடத்தை அரசிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. நோக்கம் உயிர்ப் பாதுகாப்பு என்றே கூறப்பட்டது. ஆயினும், நாங்கள் விட்ட இடத்தில் நாளை உல்லாச விடுதி எழுமோ என்று மீனவர் அஞ்சினர். கடலோர நிலத்தைக் காக்க 1991-இல் முதலில் வந்த மைய அரசின் அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளில் 200 மீட்டர் வரை கட்டுமானமற்ற பகுதி என்று வகுத்தது. 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையோ, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊர்ப்புறக் கரைகளில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. இடம் திறந்தது; ஆனால் அங்கே வீடு கட்டும் பணம் யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

கடலின் காலக் கணக்கையும் விருந்தினர் அறிய வேண்டும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனம் பெருக விடப்பட்ட காலம் அது. நம் பள்ளி விடுமுறையும் அதே காலத்தில்தான் வருகிறது. கோடையில் மீனவர் குப்பத்தில் இறங்கி, புதிய மீன் எங்கே என்று அதட்டுகிறவர், அந்த ஊரின் வருவாயற்ற நாள்களில் தாம் வந்திருப்பதை அறியார். மராட்டியக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழையை ரசிக்கச் செல்வோர், அந்த மழையில் படகு கரையேறி அடுப்புத் தணிந்திருப்பதையும் காண வேண்டும்.

2020 ஜூன் 3-ஆம் நாள் நிசர்கா புயல் ஸ்ரீவர்தன் அருகே கரை கடந்தது. ராய்கட் மாவட்டத்திலும் தாபோலி வட்டத்திலும் தென்னையும் பாக்கும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன; கூரைகள் பறந்தன. விடுமுறைக்கு மட்டும் வருபவர்க்கு அன்றைய இழப்பு ஓடும் கண்ணாடியும். ஊராருக்கோ வாழ்வு; பாக்கு மரம் மீண்டும் நட்டுக் காய்க்க ஆண்டுகள் பல வேண்டும். இன்பத்தில் மட்டும் ஊராராகவும், துன்பத்தில் வெளியாராகவும் இருப்பது முறையா?

இனி, தானே சமைத்து உண்ணுதல் என்பதைப் பற்றி ஒரு சொல். நம் நாட்டில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. பழைய சத்திரங்களில் சமைத்த சோற்றை ஏற்காதவர்க்கு அரிசியும் பருப்பும் விறகும் அளந்து கொடுப்பர். அவர் தம் கையாலேயே சமைத்துக்கொள்வார். எதற்காக? பிறன் கை பட்ட சோறு தீட்டு என்பதற்காக. தானே சமைத்தல் என்பது இந்நாட்டில் பல காலம், உன் கையால் உண்ணமாட்டேன் என்று சொல்வதற்கு மற்றொரு பெயராக இருந்தது. அந்தத் தீட்டின் கொடுமையை அனுபவித்தவர் நாம்.

இன்று நிலை மாறியிருக்கிறது. வாடகை வீட்டில் சமைப்பது சிக்கனத்திற்காக. அது நல்லதே. ஏலக் கரையில் நின்று, மீன் விற்கும் அம்மையிடம் மீன் வாங்கி, அதைக் கழுவும் முறையையும் குழம்பு வைக்கும் பக்குவத்தையும் அவரிடமே கேட்டறிந்து சமைப்பவர், ஓட்டலில் உண்பவரைவிட ஊருக்கு நெருங்கியவராகிறார். ஆனால் நகரத்திலிருந்தே அரிசி, காய்கறி, குடிநீர், பனிக்கட்டிப் பெட்டியில் இறைச்சி வரை அனைத்தையும் கட்டிக்கொண்டு சென்று, குப்பையை மட்டும் ஊரில் விட்டுவருவோரும் உளர். இன்னும் ஒரு விந்தை. கொங்கணத்து மீனவர் ஊர் ஒன்றில், இங்கே மீன் சமைக்கலாகாது என்று ஒரு வீட்டுச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கக் கண்டேன். வீட்டின் உரிமையாளர் நகரவாசி. மீனவர் ஊரிலே மீனுக்குத் தீட்டு! கடலின் அழகு வேண்டும். கடலில் உழைப்பவனின் உணவு வேண்டா. பழைய தீட்டு புதிய சட்டை போட்டுக்கொண்டு வந்தால் நமக்கு அடையாளம் தெரியாமற்போகுமா?

இவ்வளவு கேட்ட பின், சிலர் மூன்று தடைகளை எழுப்பக்கூடும்.

முதல் தடை: பயணிகள் வருவதால் ஊருக்குத் தொழில் கிடைக்கிறதே என்பது. உண்மை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மீனவக் குடும்பம் தன் வீட்டின் ஓர் அறையைத் தானே விருந்தினர்க்கு விட்டால், வாடகை முழுதும் அந்த அடுப்பங்கரைக்கே செல்கிறது. அது நல்வாழ்வுக்கான நேர்மையான தொழில். வெளியூரார் கட்டிய கட்டடத்தில், நிலத்துக்குப் பழைய உரிமையாளரே கூட்டிப் பெருக்கும் கூலியாளாக நிற்பாராயின், அங்கே கிடைத்த தொழிலை மட்டும் எண்ணி, போன நிலத்தை எண்ணாதிருத்தல் கணக்காகாது.

இரண்டாம் தடை: என் உழைப்பில் ஈட்டிய பணத்தில் முறையாகக் கிரயப் பத்திரம் எழுதி வாங்கினேன் என்பது. பத்திரம் உரிமையைக் காட்டும், தகுதியைக் காட்டாது. சவ்தார் குளத்தைத் தடுத்தவர்களும் அது எங்கள் சொந்தச் சொத்து என்றுதான் நீதிமன்றம் சென்று வழக்காடினர். பத்து ஆண்டுகள் கழிந்து 1937-இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. சொத்து என்ற சொல்லைக் கேட்டதும் வாயடைத்துப் போகிறவர்கள் நாமல்லர்.

மூன்றாம் தடை மனத்தின் அடியிலிருந்து வருவது. மீனவர் ஊரிலும் சாதி உண்டு. அவர்களும் நம்மைச் சமமாக எண்ணியவர்கள் அல்லர். அவர்களுக்காக நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்பர். இதனை நான் எளிதில் தள்ளவில்லை. சில ஊர்களில் இது மெய்யே. ஆயினும் சீலம் என்பது எதிரில் நிற்பவனின் தகுதியைப் பார்த்து அளந்து கொடுக்கும் பண்டமன்று. நம்மை நடத்திய முறையிலேயே நாம் பிறரை நடத்துவோமாயின், நாம் மாற்றியது பெயரை மட்டுமே. நேற்றுப் பிறப்பைச் சொல்லி நம்மை வெளியே நிறுத்தினார்கள். இன்று நம் கையில் சிறிது பணம் சேர்ந்திருக்கிறது. அந்தப் பணத்தைச் சொல்லி இன்னொருவனை அவன் ஊரிலேயே வெளியே நிறுத்தும் வரிசையில் போய் நாம் சேரலாமா?

ஆகவே, செய்யத்தக்கவை இவை. மீனவர் ஊருக்குச் செல்வோர், கூடுமானவரை ஊராரே நடத்தும் வீட்டில் தங்குக. நீரை அளந்து செலவிடுக. அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு நிற்கும் கிணற்றின் நீரே உங்கள் தொட்டிக்கும் வருகிறது என்பதை நினைக்க. வலைக்கும் படகுக்கும் வழி விடுக. மீனும் காயும் அங்கேயே வாங்குக. விலை பேசுகையில், ஓட்டலில் பேசாத பேரத்தைக் கூடைக்காரியிடம் பேசாதிருக்க. குப்பையைக் கொண்டு திரும்புக. விநயம் மற்றொன்றும் கூறுகிறது: தான் பயன்படுத்திய படுக்கையை எடுத்து வைக்காமலும், வைக்கச் சொல்லாமலும் புறப்பட்டுப் போதல் பிக்குவுக்குக் குற்றம். அந்த விதி இல்லறத்தார்க்கும் பொருந்தும். வீடு வாங்க எண்ணுவோர், அஃது ஆண்டில் எத்தனை நாள் திறந்திருக்கும், அந்த இடத்தில் இன்று வாழ்பவர் யார், நாளை அவர் எங்கே போவார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே முன்பணம் கொடுக்க. விடை கூசச் செய்யுமாயின், அந்தப் பணத்தை வேறு வழியில் இடுக.

வாகட்டின் அடுக்குமாடிகளில் இருக்கும் நம் இளைஞர்களுக்கு இதனைச் சிறப்பாகச் சொல்கிறேன். நீங்கள் நிற்கும் தளத்தின் கீழே ஒரு காலத்தில் ஓர் உழவனின் வயல் இருந்தது. அவ்வுழவரில் சிலர் செல்வரானார்கள். அவ்வயலில் கூலிக்குக் களை பறித்தவர்களோ எங்கே போனார்கள் என்று எவரும் கேட்கவில்லை. அங்கே கேட்கத் தவறிய கேள்வியைக் கடற்கரையிலாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, குழந்தைகளோடு கடலாடி, வயிறார மீன் உண்டு, மகிழ்ந்து வாருங்கள். கொடுக்கப்பட்டதை மட்டும் கொண்டவனுக்கே ஓய்வு உண்மையில் ஓய்வாகும்.